கொல்லன் என்று பொருள்படும் ஒரு பெயரும் எங்கள் ஊர் ரூமும்

அஜ்மானில் மணலைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் தகர ஷெட் போட்டு வெல்டிங் பட்டறை நடத்தினேன். முதல் வருஷமே காற்று அந்தத் தகரத்தைப் பிய்த்துக் கடற்கரை வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டது. பொறுக்கி வந்து மறுபடி அடித்தேன். துபாய்த் துறைமுக வேலைக்கு இரும்பு ஏணி, கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் என் பட்டறையில் செய்து போனவை. ஓமானில், சோஹாரில் மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் பெட்டி செய்து கொடுத்தேன். சவூதியில், யான்புவில் வேலை ஆரம்பித்தபோது லேபர் கேம்புக்குக் கட்டில் அடித்தவன் நான். அதில் படுத்தவன் எவனும் முதுகு வலிக்கிறதென்று சொல்லி நான் கேட்டதில்லை. நடுவில் ஒரு கபீல், விசா கொடுத்த அரபி, என் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இழுத்தடித்தான், அதையும் தாண்டினேன். ஊரில் மூன்று மாடி வீடு, ஒரு கல்யாண மண்டபம். மூத்தவளை டாக்டருக்கும் இளையவளை இன்ஜினியருக்கும் படிக்க வைத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை.

இதற்கெல்லாம் ஊரில் மாலை போட்டாகிவிட்டது, சால்வையும் போர்த்தியாகிவிட்டது. நான் செய்து, இன்னொருவர் செய்ததாக ஆகிவிட்ட காரியம் ஒன்று இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன் தொலைந்துபோன அண்ணனை ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அந்தச் சங்கதியைத்தான் இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கிறார்கள், அதனால் யார் பெயரையும் எழுதப்போவதில்லை.

எழுபதுகளின் நடுவில் துபாயில் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பட்டறையைப் பார்த்துக்கொண்டே நானும் அங்கே மேஸ்திரியாக வேலை பார்த்தேன். எங்கள் பக்கத்துக்கு இன்ஜினியராக வந்தவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வெள்ளைக்காரர். பிறந்தது ஆஸ்திரேலியா இல்லை. லித்துவேனியா என்று ஒரு நாடு. அப்போது ருஷ்யாக்காரன் விழுங்கி வைத்திருந்தான். இவருக்கு ஒன்பது வயதாயிருக்கும்போது பெரிய யுத்தத்தில் ஊரை விட்டு ஓடிவந்திருக்கிறார்கள். அப்பாவைப் பட்டாளக்காரர்கள் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். ஜெர்மனியில் ஏதோ ஒரு ரயில் ஸ்டேஷனில், தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று இறங்கிய பதினைந்து வயது அண்ணன் திரும்பி வரவில்லை. ரயில் கிளம்பிவிட்டது. அம்மாவும் இவரும் அகதி முகாமில் கிடந்து பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

அந்த அம்மா அங்கே உயிரோடு இருந்தாள். இதய நோய், படுத்த படுக்கை. வருகிற ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றேதான்: பெரியவனைப் பற்றித் தகவல் உண்டா? காணாமல் போனவர்களைத் தேடித்தருகிற ஆபீஸ்களுக்கெல்லாம் எழுதிப் பார்த்தாகிவிட்டது. எங்கிருந்தும் உருப்படியான பதில் இல்லை. டாக்டர்கள் நாள் குறிக்காத குறைதான். அவள் கண்ணை மூடுவதற்குள் அண்ணன் கிடைக்க வேண்டும். இன்ஜினியருக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

இதை எனக்கு அவரே சொன்னார். பாதி இங்கிலீஷ், பாதி இந்தி. இரும்பு ஏணியை அளந்துகொண்டே சொன்னார். அளவை இரண்டு தடவை தப்பாகப் படித்தார். அப்போதே தெரிந்துகொண்டேன், மனுஷன் இங்கே இல்லை என்று.

அவருடைய குடும்பப் பெயருக்கு அவர்கள் பாஷையில் கொல்லன் என்று அர்த்தமாம். அந்தக் காலத்தில் பண்ணையாருக்கு அடிமையாகக் கிடந்த குடியானவனுக்கு ஒரு பெயர்தான், நம்மைப் போல. பிறகு மாதாகோயில் சாமியாரும் பண்ணையாரும் கணக்கு எழுத உட்கார்ந்தபோது, இரும்படிக்கிறவனைக் கொல்லன் என்றும், பானை செய்கிறவனைக் குயவன் என்றும், ஒன்றும் செய்யாமல் திரிந்தவனை ஓநாய் என்றும் எழுதிவிட்டார்களாம். அது அப்படியே பிள்ளைக்கு, பேரனுக்கு, அவன் பேரனுக்கு. பெண்களுக்கு மட்டும் பெயரின் வால் மாறும். கல்யாணமாகாதவளுக்கு ஒரு வால், ஆனவளுக்கு இன்னொரு வால். கேட்டுவிட்டு நான் சிரித்தேன். கொல்லன் என்று ஏழு தலைமுறையாகப் பெயர் வைத்துக்கொண்டு, இந்தக் கொல்லனுக்கு ஒரு வெல்டிங் ராடைப் பிடிக்கத் தெரியாது.

இதில் எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டண்ட் உள்ளே நுழைந்தார். மதராஸ்காரர், பி.ஏ. அந்த வெயிலிலும் டை கட்டுவார். குடும்பத்தோடு துபாயில் ஏ.சி. பிளாட்டில் இருந்தார். அஜ்மான் என்று யாராவது சொன்னால், துணிக்கடியில் ஏதோ ஊர்ந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். இன்ஜினியருக்கு உதவி செய்கிறேன் என்று அவராகவே முன்வந்தார்.

அவர் செய்தது இதுதான். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் ஆபீசர்களிடம் சொல்லிவைத்து ஊர் ஊராக டெலிபோன் டைரக்டரி வரவழைத்தார். சிகாகோவிலிருந்து வந்தது, சாவோ பாவ்லோவிலிருந்து வந்தது, புவனஸ் ஐரிஸிலிருந்து வந்தது. சைட் ஆபீஸ் சுவரில் உலகப் படத்தை ஒட்டி, அந்தப் பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் குண்டூசி குத்தினார். சிகாகோவில் குத்த இடமில்லை. பென்சில்வேனியா நிலக்கரிச் சீமையில் ஒரு கொத்து. பிரேசிலில், அர்ஜென்டினாவில், கனடாவில், ஆஸ்திரேலியாவில். பார்க்கிறவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி விளக்கம் சொன்னார். எங்கே ஊசி அதிகமோ அங்கேதான் அண்ணன் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் கண்டுபிடித்த சித்தாந்தம். சிகாகோவில் ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் டைப் அடித்துக் கடிதம் போட்டார்.

பி.ஏ. படித்த மூளை அதற்கு மேல் போகாது. கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நின்று கூவினால் தொலைந்த மாடு வந்துவிடுமா?

பதில்கள் வந்தன. அன்புள்ள ஐயா, எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை, கடவுள் உங்களுக்கு அருள் புரியட்டும். கட்டுக் கட்டாக அதே பதில். ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது இன்ஜினியரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். சூப்பிரண்டண்ட் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அவர் அடுத்த ஊசிக்குப் போய்விடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை இன்ஜினியர் என் பட்டறைக்கு வந்தார். தொட்டி ஒன்றில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டறைக்குப் பின்னால்தான் எங்கள் ஊர் ரூம். அஜ்மானில் வாடகை கம்மி என்பதால் புதுக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு ரூம் உண்டு. எவன் பெயரில் வாடகை, எவன் முதலில் பிடித்தான் என்பதெல்லாம் யாருக்கும் முக்கியமில்லை. ஊர் ரூம், அவ்வளவுதான். ஆட்கள் மாறுவார்கள், ரூம் மாறாது. துபாயில் வேலை செய்கிறவனும் ஷார்ஜாவில் வேலை செய்கிறவனும் வெள்ளிக்கிழமை அங்கே வந்துதான் சோறு தின்பான்.

இன்ஜினியரும் நானும் தொட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு டாக்ஸி வந்து நின்றது. தலையில் எண்ணெய் வழிய, தகரப் பெட்டியோடு ஓர் ஆள் இறங்கினான். ஏர்போர்ட்டிலிருந்து நேரே வருகிறான். கையில் ஒரு துண்டுச் சீட்டு.

“அண்ணே, நம்மூரு ரூமு இதுதானா?”

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “வாடா மாப்ளே. ஒரு மணி நேரமா அஜ்மானையே வாங்குற மாதிரி சுத்திப் பாத்துட்டு வர்றியா? பெட்டியில கருவாடு இருக்கா, அதச் சொல்லு மொதல்ல.”

இன்ஜினியர் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். எங்கள் ஊர்க்காரப் பெட்டிக்கடைக்காரர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது. அஜ்மான், மார்க்கெட்டுக்குப் பின்னால், இன்ன ஊர் ரூம். அதில் ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை. இவன் யாரைத் தேடி வந்தான், இவனுக்கு இங்கே யார் உறவு என்று அவர் என்னிடம் கேட்டார். யாரையும் தேடி வரவில்லை, ரூமைத் தேடி வந்தான் என்றேன். ரூமில் இருக்கிறவர்களில் பாதிப் பேரை இவன் பார்த்தது கூட இல்லை. எங்கள் ஊரில் பிறந்து, கடல் தாண்டிய எவனும் முதலில் இந்தக் கதவைத்தான் தட்டுவான். நானும் அப்படித்தான் தட்டினேன்.

அவர் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எனக்குத்தான் தட்டியது, வேறு எவனுக்கும் இல்லை. சொன்னேன்:

“சாப், நீங்க பேரத் தேடுறீங்க. பேரு ஆயிரம் பேருக்கு இருக்கும். ஒங்க ஊரு ரூமு எங்க இருக்குன்னு தேடுங்க. பதினஞ்சு வயசுப் பையன், அப்பன் இல்ல, ஆத்தாளக் காணோம். அவன் எங்க போவான்? ஊர்க்காரன் எங்க இருக்கானோ அங்கதான் போவான்.”

இதை நான் தமிழில் சொல்லவில்லை என்பது உங்களுக்கே தெரியும். உடைந்த இந்தியிலும் அதைவிட உடைந்த இங்கிலீஷிலும் சொன்னேன். ஆனால் சொன்னது இதுதான், ஓர் எழுத்துக் கூடக் கூட்டவில்லை. அவர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். உங்கள் ஊரிலிருந்து முதன்முதலில் கடல் தாண்டியவன் யார், எங்கே போனான் என்று கேட்டேன். தெரியாது என்றார். ஒன்பது வயதில் வந்தவருக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்குத் தெரியுமா என்றேன். அம்மாவிடம் இதை இதுவரை யாரும் கேட்கவே இல்லை என்றார். முப்பது வருஷம்! எல்லா ஆபீஸ்காரனும் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன என்று கேட்டானே தவிர, உங்கள் ஊரிலிருந்து முதலில் போனவன் எங்கே இருக்கிறான் என்று ஒருவன் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவன் கூட முதலில் அதைத்தான் கேட்பான்.

அன்றைக்கே அம்மாவுக்குக் கடிதம் போட்டார். பதில் வந்தது. வேறு யாரோ கை பிடித்து எழுதிய கடிதம். இன்ஜினியரின் அப்பாவுக்குச் சித்தப்பா ஒருவர் முதல் யுத்தத்துக்கும் முன்னால் ஸ்காட்லாந்துக்கு நிலக்கரி வெட்டப் போனார். அவர் பின்னால் ஊரிலிருந்து நாலைந்து பேர் போனார்கள். அங்கே ஒரு மாதாகோயில் இருக்கிறது, நம் பாஷையில் பூசை வைக்கிற சாமியார் இருக்கிறார் என்று அவர் ஒரு முறை எழுதியிருந்தார். அந்த நிலக்கரி ஊரின் பெயரும் அதில் இருந்தது.

இன்ஜினியர் கடிதத்தோடு சைட் ஆபீஸுக்குப் போனார், நானும் கூடப் போனேன். சூப்பிரண்டண்ட் அந்த வட்டாரத்து டெலிபோன் டைரக்டரியை எடுத்து விரலை ஓட்டினார். அந்தப் பெயர் ஒன்றுகூட இல்லை. புத்தகத்தைப் படாரென்று மூடி என் பக்கம் திரும்பினார்.

“ஒரு ஆள்கூட இல்லை, பாத்தீங்களா? மேஸ்திரி, இது ரிசர்ச். நீங்க போய் ஏணிக்குப் பெயின்ட் அடிங்க.”

அவருக்கு அங்கேயே வைத்துப் பதில் சொன்னேன். “சார், இந்த சைட்ல என்னைய யாரு என் பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க? பாஸ்போர்ட்ல எங்கப்பா பேரு பின்னால இருக்குன்னு டைம் கீப்பர் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடுறான், திட்டுறான். எங்கப்பா செத்து பத்து வருசமாச்சு, இன்னும் டூட்டிக்கு லேட்டா வர்றாரு. என் பேரு எந்த லிஸ்ட்லயும் கெடையாது. அதுக்காக நான் இல்லையா?”

இன்ஜினியருக்கு இதை நானே விளக்கிச் சொன்னேன். அங்கே சுரங்கத்து போர்மேனும் ஓர் இங்கிலீஷ்காரனாகத்தானே இருந்திருப்பான்? வாயில் நுழையாத பெயரை எத்தனை நாள் கூப்பிடுவான்? எங்களில் பாதிப் பேரை ராஜு என்று கூப்பிடுகிற மாதிரி ஏதோ ஒரு பெயரை வைத்திருப்பான். பெயர் போயிருக்கும், ஆள் இருப்பான், ரூம் இருக்கும். அந்த மாதாகோயில் சாமியாருக்கு எழுதுங்கள் என்றேன். குடும்பப் பெயரைக் கேட்காதீர்கள், ஊர்ப் பெயரைப் போட்டுக் கேளுங்கள். இந்த ஊரிலிருந்து யுத்தத்துக்குப் பிறகு தனியாக வந்து சேர்ந்த பையன் எவனாவது உண்டா என்று கேளுங்கள்.

சூப்பிரண்டண்ட் அந்தக் கடிதத்தை டைப் அடிக்க மறுத்துவிட்டார். வேலை நிறைய இருக்கிறதாம். பெயரே இல்லாத ஆளுக்கு எந்த விலாசத்தில் எழுதுவது என்று கேலியாக வேறு கேட்டார். இன்ஜினியர் தன் கையால் எழுதினார். உறையை ஒட்டி, தபால் பையில் போட்டது மட்டும் சூப்பிரண்டண்ட். இந்த ஒட்டிய வேலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த விவகாரத்தில் அவர் செய்த கடைசிக் காரியம் அது.

ஏழு வாரம் ஒன்றும் வரவில்லை. நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து தந்தி வந்தது, அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று. இன்ஜினியர் லீவு எழுதிக் கொடுத்து டிக்கெட்டும் எடுத்துவிட்டார். சூப்பிரண்டண்ட் என்னைப் பார்க்கும்போதெல்லாம் “என்ன மேஸ்திரி, ரூம் கெடைச்சுதா?” என்பார். ஆபீஸில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். எனக்குள்ளும் ஆட்டம் கண்டுவிட்டது, அதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை. ஒரு மனுஷனுக்கு ஆசை காட்டிவிட்டோமே என்று சோறு இறங்கவில்லை.

டிக்கெட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது பதில் வந்தது. சாமியார் பூசை முடிந்ததும் கடிதத்தைப் படித்திருக்கிறார். ஒரு கிழவி எழுந்து நின்றாளாம். நிலக்கரி வெட்டப் போன அந்தச் சின்னத் தாத்தாவின் மகள் அவள். யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு பையன் எங்கப்பா வீட்டுக் கதவைத் தட்டினான், ஊர்ப் பெயரைத் தவிர அவனிடம் வேறு அடையாளம் இல்லை, இங்கேயேதான் இருக்கிறான் என்று சொன்னாளாம். சின்னத் தாத்தாவுக்குச் சுரங்க போர்மேன் வைத்த ஸ்காட்லாந்துப் பெயரையே அவனும் வைத்துக்கொண்டான். அதனால்தான் எந்த ஆபீஸின் எந்த லிஸ்டிலும் அவன் இல்லை. அம்மாவும் தம்பியும் ஏறிய ரயிலில் குண்டு விழுந்தது என்று எவனோ சொல்ல, அவன் தேடவே இல்லை. இரும்பு உருக்கும் ஆலையில் உலைக்காரனாக வேலை. உலகம் முழுக்கக் கொல்லன் என்று பெயர் வைத்துக்கொண்டு பேனா பிடிக்கிறவர்களாகக் கிடக்க, அந்தக் குடும்பத்தில் இரும்போடு வேலை செய்தவன் ஒருவன்தான். அவனுக்கு அந்தப் பெயர் இல்லை.

கடிதத்தை இன்ஜினியர் பட்டறைக்குக் கொண்டுவந்து என்னிடம்தான் முதலில் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பதை மறந்து என் கையில் கொடுத்துவிட்டார். நானும் படிக்கிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் அழுததை இதற்கு மேல் எழுத மாட்டேன்.

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார். அண்ணன் துபாய் வழியாக வந்தார், இருவரும் சேர்ந்து ஆஸ்திரேலியா போவதாக ஏற்பாடு. ஏர்போர்ட்டுக்கு என் பிக்கப்பில்தான் போனோம். அண்ணன் தம்பி இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தம்பிக்குத் தாய்பாஷை ஒன்பது வயதோடு நின்றுவிட்டது, அண்ணன் பேசிய ஸ்காட்லாந்து இங்கிலீஷ் தம்பிக்குப் புரியவில்லை. நான் கேன்டீனிலிருந்து டீ வாங்கி வந்து கொடுத்தேன். அண்ணனின் கையைப் பார்த்தேன், உலைச்சூட்டில் தோல் வெந்து வெந்து காய்த்த கை. என் கையைக் காட்டினேன். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘ம்’ என்றார். அந்த ‘ம்’ எனக்குப் போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். அது என் முட்டாள்தனம்.

ஏனென்றால், கம்பெனி காரில் டை கட்டிக்கொண்டு சூப்பிரண்டண்டும் வந்து இறங்கினார். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் போய் நின்றார். கேமராவை என் கையில் கொடுத்து, “மேஸ்திரி, இதை அமுக்குங்க” என்றார். அமுக்கினேன்.

அந்த அம்மா நான்கு மாதம் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் போனாள். அந்த நான்கு மாதத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவன் நான். யான்புவில் கட்டில் அடித்ததையும் ஊரில் மண்டபம் கட்டியதையும் இதற்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

இன்ஜினியர் ரிட்டையர் ஆன பிறகு தன் குடும்பப் பெயரைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். எப்படி உண்டானது, எந்தெந்த நாட்டில் எத்தனை குடும்பம், படம் போட்டு, புள்ளி வைத்து. அவர் அதை அச்சுக்குக் கொடுத்தபோது உடம்பு முடியாமல் இருந்தார், துபாயில் தேடிய கதையையெல்லாம் அவருக்காக எழுதி அனுப்பியது சூப்பிரண்டண்ட் என்று பிறகு தெரிந்தது. சில வருஷங்களுக்கு முன் மதராஸில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். அங்கே அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, டெலிபோன் டைரக்டரிகளை வைத்து ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்தேன் என்று சூப்பிரண்டண்ட் மேடையில் பேசினார். கைதட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு ஒரு பிரதி வாங்கி வந்து மகளிடம் கொடுத்தேன். நன்றி சொல்கிற பக்கத்தைப் படித்துச் சொன்னாள். அயராத ஆராய்ச்சிக்காக சூப்பிரண்டண்டுக்கு நன்றி. டைரக்டரி கொடுத்த கப்பல் ஆபீசர்களுக்கு நன்றி. கடிதத்தைப் படித்த சாமியாருக்கு நன்றி. எழுபதாம் பக்கத்தில் நான் எடுத்த போட்டோ. படம் எடுத்தது யார் என்று கூட இல்லை. துபாயில் கூட ஒரு புள்ளி இருக்கிறது, அந்தப் பெயர்க்காரர் ஒருவர் அங்கே சில வருஷம் இருந்தார் என்று. அவர் அங்கே குடியிருந்ததற்குப் புள்ளி. வழி சொன்னவனுக்கு ஒன்றும் இல்லை.

இன்ஜினியர் இப்போது இல்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவருடைய மகள் ஆஸ்திரேலியாவில் அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சடிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். இதை இங்கிலீஷில் எழுதி அவளுக்கு அனுப்பச் சொல்லி என் மகளிடம் கொடுத்திருக்கிறேன். நான் கேட்பது இரக்கம் இல்லை, இனாமும் இல்லை. நன்றிப் பக்கத்தில் சூப்பிரண்டண்டின் பெயருக்கு மேலே, கீழே அல்ல, மேலே, என் பெயர் வர வேண்டும். அஜ்மானில் பட்டறை வைத்திருந்த புதுக்கோட்டை வெல்டர் ஊரைக் கேட்கச் சொன்னான், அப்படிக் கேட்டதால்தான் அண்ணன் கிடைத்தார் என்று ஒரு வரி போட வேண்டும். பெயரைப் போடும்போது என் அப்பா பெயரைப் போட்டுவிடக் கூடாது, என் பெயரைப் போட வேண்டும்; அதை என் மகள் தனியாக எழுதி அனுப்புவாள். சூப்பிரண்டண்ட் இன்னும் மதராஸில்தான் இருக்கிறார், இதைப் படிப்பார். மேடையில் சொன்னதை மேடையிலேயே அவர் திருத்திச் சொல்ல வேண்டும். எப்போது, எந்த மண்டபத்தில் என்று அவரே சொல்லட்டும், நான் முன்வரிசையில் வந்து உட்காருகிறேன்.